ஏட்டையே கோயிலாக்கிய யூதர்

உலகில் வழங்கும் சமயங்களுள் ஓரிறைக் கொள்கையை நெடுங்காலமாகப் போற்றிவருவது யூத சமயம். அதனைத் தழுவியோர் தொகை பெரிதன்று. உலகமெங்கும் எண்ணினாலும் ஏறத்தாழ ஒன்றரைக் கோடிப் பேரே ஆவர். ஆயினும் கிறித்துவம், இஸ்லாம் என்னும் இரு பெருஞ் சமயங்களும் யூதர்தம் முன்னோராகிய ஆபிரகாமைத் தம் முன்னோருள் ஒருவராகப் போற்றுகின்றன. ஆதலின் இச்சமயத்தின் வரலாற்றை யாவரும் ஓரளவேனும் அறிந்திருத்தல் நன்று.

அவ்வரலாற்றில் வியப்புக்குரிய கேள்வி ஒன்று உண்டு. பண்டைய யூத வழிபாடு ஒரே நகரில், ஒரே கோயிலில், பலியிட்டு வணங்கும் முறையில் அமைந்தது. அக்கோயில் கி.பி. 70-இல் தீக்கிரையாயிற்று; பின்னர் எழவேயில்லை. கோயிலோடு முடிந்திருக்க வேண்டிய சமயம் இன்றளவும் நின்று நிலவுவது எங்ஙனம்? இதனை ஆராய்வோம்.

தோற்றம்

ஊர் என்னும் நகரத்திலிருந்து புறப்பட்ட ஆபிரகாம், இறைவன் ஏவியபடி கானான் நாட்டை அடைந்தார் என்று யூதரின் திருமறை கூறுகிறது. அவர் மகன் ஈசாக்கு, பேரன் யாக்கோபு. யாக்கோபுக்கு இஸ்ரவேல் என்ற பெயரும் உண்டு. அவர் வழிவந்தோர் எகிப்தில் அடிமைகளாய் வருந்தியபோது, மோசே அவர்களை மீட்டுச் சீனாய் மலைக்கு அழைத்து வந்தார் என்பதும், அங்கே இறைவன் அவர்களுடன் உடன்படிக்கை செய்து பத்துக் கட்டளைகளை அருளினான் என்பதும் திருமறைச் செய்திகள். இந்த உடன்படிக்கையே யூத சமயத்தின் உயிர்நிலை. இறைவன் ஒருவன், அவனுக்கு உருவம் இல்லை, அவன் மக்களிடம் வேண்டுவது நீதியான ஒழுக்கம் என்பது அதன் சாரம்.

திருமறைக்கு வெளியே இஸ்ரவேல் என்னும் பெயர் முதன்முதலாகக் காணப்படுவது, ஏறத்தாழக் கி.மு. 1208-இல் எகிப்திய மன்னன் மெர்னெப்தா பொறித்த கல்வெட்டில் என்பர் ஆராய்ச்சியாளர்.

இரு கோயில்கள்

தாவீது மன்னர் ஜெருசலேமைத் தலைநகராக்கினார் என்றும், அவர் மகன் சாலமோன் அங்கே முதற்கோயிலை எழுப்பினார் என்றும் மரபு கூறும். சாலமோனுக்குப் பின் நாடு இரண்டாகப் பிரிந்தது. வடக்கே இருந்த இஸ்ரவேல் அரசு கி.மு. 722-இல் அசீரியரிடம் வீழ்ந்தது. தெற்கே இருந்த யூதா அரசைப் பாபிலோனிய வேந்தன் நெபுகாத்நேச்சார் கி.மு. 586-இல் அழித்து, கோயிலைக் கொளுத்தி, மக்களுள் பலரைச் சிறைபிடித்துச் சென்றான். யூதா நாட்டினர் என்பதிலிருந்தே யூதர் என்ற பெயர் பிறந்தது.

கி.மு. 539-இல் பாரசீகப் பேரரசன் சைரஸ் பாபிலோனைக் கைப்பற்றினான். யூதர் நாடு திரும்ப அவன் இசைந்தான். கி.மு. 515-இல் இரண்டாம் கோயில் நிறைவெய்தியது. பின்னர் எஸ்றா என்னும் மறைவல்லார் ஜெருசலேமில் மக்களைத் திறந்த வெளியில் கூட்டி, விடியற்காலை முதல் நண்பகல் வரை மறையை உரக்க ஓதினார். லேவியர் அதன் பொருளை விளக்கினர். ஆடவரும் பெண்டிரும் நின்று கேட்டனர் என்று திருமறை உரைக்கிறது. குருமார் கையிலிருந்த மறை பொதுமக்கள் செவிக்கு வந்தது. பிற்காலத்தில் பயன் தந்த விதை இதுவே.

கி.மு. 63-இல் ரோமர் ஜெருசலேமைக் கைப்பற்றினர். கி.பி. 66-இல் யூதர் கிளர்ந்தெழுந்தனர். நான்கு ஆண்டுகளுக்குப் பின் தீத்து என்னும் படைத்தலைவன் நகரை வென்று கோயிலை அழித்தான். கோயிலின் ஏழுகிளைக் குத்துவிளக்கை ரோம வீரர் தூக்கிச் செல்லும் காட்சியை, ரோமாபுரியில் உள்ள தீத்துவின் வளைவில் இன்றும் காணலாம்.

யவ்னே நகர்க் கழகம்

முற்றுகையின்போது யோகனான் பென் சக்காய் என்னும் பேரறிஞரை அவர்தம் மாணவர் பிணம்போல் சவப்பெட்டியில் கிடத்தி நகருக்கு வெளியே கொண்டு சென்றனர் என்பது மரபு. ரோமத் தலைவனிடம் அவர் வேண்டியது, யவ்னே என்னும் சிற்றூரையும் அதன் அறிஞரையும் விட்டுவைக்க வேண்டும் என்பதே. அவ்வூரில் அறிஞர் கூடி ஆய்ந்தனர். நாள்தோறும் கோயிலில் பலியிட்ட வேளைகளில் இனி வேண்டுதல் நிகழும் என்ற முறை நிலைபெற்றது. இடிபாடுகளைக் கண்டு, பாவம் நீங்கும் இடம் பாழாயிற்றே என்று மாணவர் ஒருவர் புலம்பியபோது, அதற்கு நிகரான வழி ஒன்று உண்டு, அது பிறர்க்குச் செய்யும் அன்பே என்று யோகனான் தேற்றியதாகவும் கூறுவர்.

கி.பி. 132 முதல் 135 வரை நடந்த இரண்டாம் கிளர்ச்சியும் தோற்றது. யூதர் ஜெருசலேமில் காலடி வைத்தலும் தடுக்கப்பட்டது. இனி அவர்கள் தம்முடன் எடுத்துச் செல்லத்தக்கது ஏடு ஒன்றே.

மறையும் உரையும்

யூதரின் திருமறை தோரா, தீர்க்கதரிசிகள், எழுத்துக்கள் என மூன்று பகுதிகளாய் 24 நூல்களைக் கொண்டது. மோசேயின் ஐந்து நூல்களாகிய தோராவில் 613 கட்டளைகள் உண்டு என்பது மரபு. எழுதிய மறையோடு வாய்மொழி மறையும் வழங்கிவந்தது. அது மறைந்துவிடாமல் காக்க, ஏறத்தாழக் கி.பி. 200-இல் யூதா என்னும் தலைவர் அதனை மிஷ்னா என்ற பெயரில் ஆறு பிரிவுகளாகத் தொகுத்தார். மிஷ்னாவைச் சார்ந்து பல தலைமுறை அறிஞர் நடத்திய வாதங்களின் தொகுப்பே தால்முத். வென்ற கருத்தோடு தோற்ற கருத்தையும் அது பேணி வைத்திருக்கிறது. அச்சிட்ட ஏட்டில் நடுவே மூலமும், ஒருபுறம் 11-ஆம் நூற்றாண்டின் ராஷி எழுதிய உரையும், மறுபுறம் பின்வந்தோர் உரையும் அமைந்திருக்கும். மூலத்தை உரையோடு கற்றுப் பழகிய தமிழர்க்கு இம்முறை புதிதாய்த் தோன்றாது.

தொழுகைக் கூடத்தில் உள்ள தோராச் சுருள் விலங்குத் தோலில் கையால் எழுதப்பட்டது. மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட எழுத்துக்களுள் ஒன்று பிழைபட்டாலும், திருத்தும்வரை அதனைப் பொதுவில் ஓதலாகாது. பழுதுற்ற சுருளை எறிவதில்லை. மாந்தரைப் போல் மண்ணில் அடக்கம் செய்வர். பொதுத் தொழுகைக்குப் பத்துப் பேர் வேண்டும். குரு வேண்டுமென்ற கட்டாயமில்லை. சில பிரிவினர் பெண்டிரையும் அப்பதின்மருள் எண்ணுவர்.

வீடே கோயில்

வெள்ளிக்கிழமை கதிரவன் மறையுமுன் இல்லத்தரசி விளக்கேற்ற, ஓய்வுநாள் தொடங்குகிறது. மறுநாள் இரவு விண்மீன் தோன்றும்வரை வேலை இல்லை. முழு அப்பம் இரண்டை மேசைமேல் வைத்து, வாழ்த்துக் கூறிப் பிட்டு, உப்பிட்டு உண்பர். கோயிற் பலியில் உப்பு இட்ட வழக்கின் நினைவு அது. பலிபீடம் போனபின் உணவு மேசையே பலிபீடம் என்பர் அறிஞர்.

பாஸ்கா விருந்தில் புளிப்பில்லா அப்பமும் கசப்புக் கீரையும் உண்டு, எகிப்தின் அடிமை வாழ்வை நினைவுகூர்வர். அன்றிரவு வீட்டின் இளைய பிள்ளை வினா எழுப்பப் பெரியோர் விடை கூறவேண்டும். கேள்வி கேட்கும் பிள்ளை இல்லையேல் விருந்து நிறைவுறாது எனலாம். திருமணத்திலும் மணமகன் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை மிதித்து உடைப்பான். மகிழ்ச்சியின் நடுவிலும் இடிந்த கோயிலை மறவாமைக்கு அது அடையாளம்.

துன்பமும் தொடர்ச்சியும்

1492-இல் ஸ்பெயின் நாடு யூதரை வெளியேற்றியது. இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் ஏறத்தாழ 60 லட்சம் யூதரைக் கொன்றனர். 1948-இல் இஸ்ரேல் நாடு தோன்றியது. அம்மண் பாலஸ்தீன மக்களுக்கும் தாயகம். பழங்கோயில் நின்ற குன்றோ முஸ்லிம்களுக்கும் புனிதத் தலம். ஆதலால் எழுந்த பூசல் இன்னும் குருதி சிந்துகிறது. ஓர் அரசின் செயல் வேறு, ஒரு சமயத்தின் நெறி வேறு என்பதை நடுநிலையாளர் மறவார்.

யூதர் வரலாறு நமக்குத் தொலைவானதன்று. கொச்சியில் 1568-இல் கட்டிய தொழுகைக் கூடம் இன்றும் உள்ளது. பினாங்கில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே யூதர் இடுகாடு உண்டு. பாக்தாதிலிருந்து வந்த யூத வணிகர் சிங்கப்பூரில் வாட்டர்லூ ஸ்திரீட்டில் 1878-இல் மகேன் அபோத் தொழுகைக் கூடத்தை நிறுவினர். 1955-இல் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சரான டேவிட் மார்ஷல் இச்சமூகத்தவரே.

தோரா ஆண்டுக்கு ஒருமுறை முழுதும் ஓதப்படும். கடைசி வரியை முடித்த அன்றே முதல் வரியைத் தொடங்குவர். நகரங்கள் மாறின, அரசுகள் மாறின, ஓதுவோரும் மாறினர். ஓதல் மட்டும் நிற்கவில்லை. கல்லால் கட்டிய கோயிலை ரோமர் எரித்தனர். பிள்ளைக்குக் கற்பித்த பாடத்தை அவர்களால் எரிக்க இயலவில்லை. தம் மொழியும் மரபும் பிறநாட்டில் நிலைக்க வேண்டுமென விரும்பும் எவரும் சிந்திக்க வேண்டிய செய்தி இது.