கைக்கோடரியும் கட்டுச்சோறும்

மாமல்லபுரத்துக்கு ஒரு நாள் பயணந்தான். ஆனாலும் தோள்பை, தண்ணீர்க் குடுவை, டார்ச் விளக்கு, கட்டுச்சோறு என்று நான் சேர்த்த மூட்டையைப் பார்த்து, "இமயமலைக்கா புறப்படுகிறீர்கள்?" என்றாள் மனைவி.

பல்லாவரத்தைக் கடந்தபோது எனக்கே வெட்கமாகிவிட்டது. 1863 மே 30 அன்று, நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கேதான் செம்பூராங்கல் சரளையில் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். அத்திரம்பாக்கத்தில் அதே ஆண்டு மேலும் பல கிடைத்தன. அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் வயது என்று 2011-ல் கணக்கிட்டார்கள். பிடியுமில்லை, உறையுமில்லை, வெட்ட, கிழிக்க, தோண்ட எல்லாவற்றுக்கும் அந்த ஒரே கல்! தோலிலோ நாரிலோ பை இருந்திருந்தாலும் மண் தின்றிருக்கும்.

சவுக்குத் தோப்பில் மூட்டையை அவிழ்த்தோம். மாம்பழம் நறுக்கக் கத்தியை மட்டும் மறந்திருந்தேன்.