தமிழ் மென்பொருள் பொதியான கதை

‘நெய்வேலி’ என்ற சொல்லில் நான்கு எழுத்துகள்; யுனிகோடு கணக்கில் எட்டுக் குறிகள். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் திரையில் எழுத்துக்கு முன்னால் நிற்கின்றன. கோப்பிலோ எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படுகின்றன. ஆகவே தமிழ்ச் செயலி ஒன்றை வெளியிடும்போது, எழுத்துரு, விசைப்பலகை, கொம்பை முன்னே நகர்த்தும் எழுத்தமைப்பு நிரல் ஆகிய மூன்றும் பயனரின் கணினியில் உண்டா என்று பார்த்தாக வேண்டும். இல்லாததைச் செயலியின் நிறுவல் பொதியிலேயே சேர்த்து அனுப்ப வேண்டும்.

தொடக்கத்தில் எதுவுமே இல்லை. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்கள் எழுத்துருவையும் விசைப்பலகையையும் தாமே சுமந்து வந்தன. ஆனால் எழுத்துருவுக்கு எழுத்துரு குறியாக்கம் வேறுபட்டது. ஒன்றில் அடித்த கடிதம் மற்றொன்றில் பொருளற்ற குறிக்குவியலாகத் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் குறியாக்கங்களும் வந்தன. புலம்பெயர்ந்தோர் பலர் டிஸ்கி என்ற வேறொரு குறியாக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். விசைப்பலகை நிலைத்தது. குறியாக்கச் சிக்கல் தீரவில்லை.

அதைத் தீர்த்தது யுனிகோடு. 1991 முதலே அதில் தமிழ் இருந்தாலும், விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் அந்த இயங்குதளம் லதா எழுத்துருவோடு தமிழைத் தானே காட்டியது. தட்டச்சு வசதியை எளிதாக்கியவற்றுள் முகுந்தின் இ-கலப்பை முக்கியமானது. லாவோ மொழிக்காக உருவான கீமேன் என்ற விசைப்பலகை நிரலைத் தன் பொதிக்குள் வைத்து, ஒரே நிறுவியாக அது வந்தது. கணினி நுணுக்கம் அறியாதவரும் சில சொடுக்குகளில் தமிழ் எழுதலாம் என்ற நிலையை அந்த ஒற்றை நிறுவி உண்டாக்கியது. நிரலின் திறமைக்கு நிகரான சாதனை அது. பின்னர் 3.0 பதிப்பு கீமேன் இல்லாமலேயே புதிதாக எழுதப்பட்டது.

மேக் கணினியின் வழி தனி. விண்டோஸில் போதுமான ஓப்பன்டைப் வகை எழுத்துரு மட்டும் அங்கே பல ஆண்டுகள் போதவில்லை. ஆப்பிளின் சொந்த எழுத்தமைப்பு அட்டவணைகளும் தேவைப்பட்டன. முத்து நெடுமாறனின் இணைமதி எழுத்துரு இயங்குதளத்தோடே வந்தது.

லினக்ஸில் பொதி எல்லாவற்றையும் சுமப்பதில்லை. தனக்குத் தேவையான பிற பொதிகளின் பெயரைச் சொல்லும், கணினி அவற்றைத் தேடி இறக்கிக்கொள்ளும். தமிழ்99 விதிகள் எம்17என் என்ற பொது நூலகத்தில் ஒரு சிறு உரைக்கோப்பு. துக்காராம் கோபால்ராவின் பரணர் எழுத்துரு டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டில் பொதியாகக் கிடைக்கிறது. அரசு ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் அடித்தளத்தில் நின்றதே. ஒரு பொதி விடுபட்டால் திரையில் கட்டங்கள்தான் மிஞ்சும். ஆயினும் தமிழுக்கு அதிக நன்மை செய்தது இந்த முறையே: எழுத்துருவில் ஒரு பிழையைத் திருத்தினால் எல்லாச் செயலிகளிலும் அது திருந்திவிடும்.

இ-கலப்பை முதலில் சுமந்த கீமேன் பின்னாளில் எஸ்ஐஎல் என்ற மொழியியல் அமைப்பின் கைக்குச் சென்று திறமூலமானது. அதன் ‘கேஎம்பி’ பொதி என்பது விசைப்பலகை, எழுத்துரு, உதவிக் குறிப்பு ஆகியவற்றைச் சேர்த்துச் சுருக்கிய ஒரே கோப்பு. இன்று அந்தப் பொதி வடிவம் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் பொது.