ஆபாசம்

ஒளிர்தலைக் குறிக்கும் வடமொழித் தாதுவினின்று பிறந்த இச்சொல், ஆதியில் தோற்றத்தையும், மெய்போலத் தோன்றும் போலியையுமே உணர்த்திற்று. தருக்க நூலார் போலிக் காரணத்தை ஹேத்வாபாசம் என்றும், அலங்கார நூலார் தகாவிடத்துத் தோன்றும் சிருங்காரத்தை ரசாபாசம் என்றும் வழங்கினர். பின்னதன் வழியாகவே தமிழில் இஃது அருவருப்பின் பெயராயிற்றென்பது என் துணிபு.

தஞ்சைப் பிரதாபசிம்மன் அவையில் விளங்கிய முத்துப்பழனி, ராதையின் வேட்கையைக் கூசாது பேசித் தெலுங்கில் இயற்றிய 'ராதிகா ஸாந்த்வனம்' என்னும் காவியத்தைப் பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910-இல் பதிப்பித்தபோது, ஆண் புலவர் இதனினும் துணிந்து பாடியிருக்க நாணம் பெண்ணுக்கு மாத்திரம் உரியதோ என்று அவர் வினவியும், ஆங்கில அரசாங்கம் அதனை ஆபாசமென்று தடுத்தது. (அந்நூலை நிந்தித்தவருள் சீர்திருத்தச் செம்மலாகிய வீரேசலிங்கமும் ஒருவர் என்பது விசித்திரமே!) அக்காலச் சட்டத்தின் அளவுகோலோ, 1868-இல் லண்டனில் பிறந்த ஹிக்லின் விதி: தீய எண்ணத்துக்கு எளிதில் இடங்கொடுக்கும் மனத்தினரைக் கெடுக்கவல்லது எதுவோ, அது ஆபாசம். வாசகருள் மிகப் பலவீனரை அளவாகக் கொண்டால் எந்தக் காவியம் தப்பும்? பிரகாசம் பந்துலு சென்னை மாகாணப் பிரதமரான பின்னரே அத்தடை நீங்கிற்று.