ஸ்படிகமும் அதன் கண்ணும்: கதிரியக்கம் காணும் கருவிகளின் வரலாற்றில் ஓர் ஆய்வு

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கிச் செல்லும் பெருவழி தொப்பூர்க் கணவாயில் மலையை அறுத்துக்கொண்டு இறங்குமிடத்தில், சாலையோரப் பாறைகளில் கலந்துள்ள பொட்டாசியம், கிராம் ஒன்றுக்கு வினாடிக்கு ஏறத்தாழ மூன்று காமா கிரணங்களை, ஒவ்வொன்றும் 1460 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் சக்தியுடன், இடையறாது வெளியிட்டுக்கொண்டிருக்கிறது. அக்கிரணங்களின் சக்தியை அளந்து இனம் பிரித்தறியும் உபகரணம் ஒரு காலத்தில் பெரும் ஆராய்ச்சிசாலைகளுக்கே உரிய செல்வமாயிருந்தது. இன்றோ, பௌதிகத்தில் ஆர்வமுள்ள மாணவனொருவன் அதைத் தன் வீட்டு மேசையிலேயே அமைத்துக்கொள்கிறான். இம்மாறுதலை, கிரணம் பட்டதும் ஒளிப்பொறி சிந்தும் ஸ்படிகங்களின் வளர்ச்சியாகவே எழுதிவிடுவது வழக்கம். ஆனால் எந்த ஸ்படிகம் அரியணை ஏற வேண்டும் என்பதை, அதன் ஒளியைக் கண்ட கண்ணே ஒவ்வொரு முறையும் தீர்மானித்தது என்பது என் துணிபு.

முதற் கண் மனிதனுடையது. 1903ஆம் ஆண்டில் வில்லியம் குரூக்ஸ், ரேடியத்தினின்று புறப்படும் ஆல்பா துகள்கள் துத்தநாக ஸல்பைடுத் திரையில் மோதும்போது தனித்தனி ஒளிப்பொறிகள் தோன்றுவதை உருப்பெருக்கியின் வழியே கண்டார். ரூதர்போர்டின் உதவியாளர் கைகரும் மாணாக்கர் மார்ஸ்டெனும் இருட்டறையில் நெடுநேரம் அமர்ந்து கண்ணைப் பழக்கிக்கொண்டு, அப்பொறிகளை ஒன்றொன்றாக எண்ணியே அணுக்கருவின் இருப்பை அனுமானிக்க வழி செய்தனர். அந்தச் சலியாத உழைப்பை வியக்காதிருக்க இயலாது. ஆயினும் கண் சோர்ந்துவிடும். அதனால் கைகரின் மின்குழல் எண்ணி பரவியதும் ஒளிப்பொறி முறை ஏறக்குறைய மறக்கப்பட்டது.

1944இல் கர்ரன், பேக்கர் என்னும் ஆராய்ச்சியாளர்கள் மனிதக் கண்ணிருந்த இடத்தில் ஒளிப்பெருக்கிக் குழலை வைத்தனர். துத்தநாக ஸல்பைடோ தன் ஒளியைத் தானே மறைக்கும் தூள். ஊடுருவிச் செல்லும் காமா கிரணத்திற்குத் தடித்த, தெளிந்த பொருளொன்று வேண்டியிருந்தது. போருக்குப் பிந்தைய பெர்லினில் கால்மன் 1947இல் அதைப் பாச்சை உருண்டையின் சரக்காகிய நாப்தலீனில் கண்டார். இங்கே ஒன்றை நினைவுகூரலாம். வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே டாக்காவில் நாப்தலீன், ஆந்த்ரஸீன் ஸ்படிகங்களின் காந்த குணங்களை வெகு சூக்ஷ்மமாக அளந்திருந்தார். பொருள் நம் நாட்டு மேசைமீதே இருந்தது. அதைக் காண வேண்டிய கண் அன்று எங்குமே இல்லை.

1948இல் ராபர்ட் ஹாப்ஸ்டாட்டர் தாலியம் சிறிதளவு கலந்த சோடியம் அயோடைடை அறிமுகப்படுத்தினார். அது உமிழும் 415 நானோமீட்டர் நீல ஒளி, ஒளிப்பெருக்கிக் குழலுக்கு மிக உகந்தது. காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கெடும் அப்பொருளை உலோக உறையில் அடைத்தேனும் பயன்படுத்தினார்கள். நீல ஒளி நீண்ட காலம் ஆண்டது. அதே காலத்தில் அறியப்பட்ட, தாலியம் கலந்த சீஸியம் அயோடைடோ, மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு ஏறத்தாழ 54,000 ஒளித்துகள்களைத் தருவது. சோடியம் அயோடைடு தருவது 38,000 மட்டுமே. எனினும் சீஸியம் அயோடைடின் ஒளி 550 நானோமீட்டரில் பசுமஞ்சளாயிருந்தமையாலும், பொறி அணையத் தாமதமானமையாலும் இரண்டாந்தரமாகவே மதிக்கப்பட்டது. ஒளியை வாரி வழங்கியும் அதற்கு ஒளி குறைந்தது என்ற பெயரே கிடைத்தது!

தென்னகம் இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. தொப்பூருக்கு வடக்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், தமிழ்த் தொழிலாளர் பெருந்திரளாக உழைத்த கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானிய, ஆங்கிலேய அறிஞர்களும் 1965இல் வளிமண்டல நியூட்ரினோக்களின் தடயத்தைப் பிளாஸ்டிக் ஒளிப்பொறிப் பலகைகளைக் கொண்டு கண்டறிந்தனர். உதகையின் காஸ்மிக் கிரண ஆய்வுக்கூடம் தனக்கு வேண்டிய பிளாஸ்டிக் பலகைகளைத் தானே வார்த்துக்கொண்டது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துப் படிக வளர்ச்சி மையத்தில் ஆந்த்ரஸீனும் ஸ்டில்பீனும் ஒளிப்பொறி ஆய்வுக்கென்றே வளர்க்கப்பட்டன.

மூன்றாம் கண் சிலிக்கான். பசுமஞ்சள் ஒளியை அது நன்கு காணும். ஆகவே 1980களில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கிளியோ என்னும் துகள் ஆய்வுக் கருவியில் சுமார் 7,800 சீஸியம் அயோடைடு ஸ்படிகங்கள் சிலிக்கான் டயோடுகளுடன் அணிவகுத்தன. பின்னர் வந்த சிலிக்கான் ஒளிப்பெருக்கி, ஆயிரம் வோல்ட் கேட்ட கண்ணாடிக் குழலின் வேலையை முப்பது வோல்ட் அளவில் செய்தது. ஈரத்திற்கு அவ்வளவாக அஞ்சாத, கீழே விழுந்தாலும் எளிதில் பிளவுபடாத, ஒரு சென்டிமீட்டர் சீஸியம் அயோடைடுக் கட்டி கைத்தொழில் ஆர்வலரின் ஸ்படிகமானது இதனால்தான். அச்சிறு கட்டியைப் பொட்டாசியத்தின் காமா கிரணங்களுள் மிகப்பல முழுச் சக்தியையும் விட்டுவிடாமலே கடந்துபோவதால், கணவாய்ப் பாறையருகே வைத்தாலும் சக்தி வரைபடத்தில் அதற்குரிய தெளிந்த முகடு திரளப் பல மணி நேரம் வேண்டும். கோடையில் மற்றொரு தொல்லை: வெப்பம் ஏற ஏறச் சிலிக்கானின் பெருக்கம் குறைந்து, முகடு இடம் பெயர்ந்து நிற்கும், வோல்ட்டை அதற்கேற்பத் திருத்த வேண்டும்.

இப்போது ஸ்படிகமே கண்ணுக்கேற்ப அமைக்கப்படுகிறது. சீரியம் கலந்த கடோலினியம் காலியம் அலுமினியம் கார்னெட், 520 நானோமீட்டரையொட்டிய பச்சை ஒளி தருவது, ஈரத்தால் கெடாதது. நம் டிராம்பே அணு ஆராய்ச்சி மையத்திலும் வளர்க்கப்படுகிறது. ஆனால் சீஸியம் அயோடைடு 621 பாகை செல்ஸியஸில் உருக, இது 1,850 பாகையளவில் உருகுவதால் இரிடியம் மூசை கேட்கிறது. அக்கார்னெட்டின் விலையைக் கேட்டறிந்த ஆர்வலர் பெரும்பாலும் சீஸியம் அயோடைடுக்கே திரும்பிவிடுகிறார்.