பிள்ளைகளின் செல்போனில் ஆபாசத் தளங்களைத் தடுக்க பிரைவேட் டிஎன்எஸ்

நாம் ஓர் இணையதளத்தின் பெயரைத் தட்டியதும், அதற்குரிய எண் முகவரியைத் தேடித் தருவது டிஎன்எஸ். ஆபாசத் தளங்களின் முகவரியைத் தர மறுக்கும் டிஎன்எஸ்ஸை போனில் அமைத்துவிட்டால் அத்தளங்கள் திறக்காது. தனி ஆப் தேவையில்லை. வைஃபை, மொபைல் டேட்டா இரண்டிலும் வேலை செய்யும். 2018இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 9 முதல் இந்த வசதி உண்டு.

அமைக்கும் முறை:

1. செட்டிங்ஸில் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' பகுதிக்குச் செல்லுங்கள். சாம்சங் போனில் 'கனெக்‌ஷன்ஸ்', அதனுள் 'மோர் கனெக்‌ஷன் செட்டிங்ஸ்'.

2. 'பிரைவேட் டிஎன்எஸ்' என்பதைத் தொடுங்கள். தென்படாவிட்டால் செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் தேடுங்கள்.

3. 'பிரைவேட் டிஎன்எஸ் புரொவைடர் ஹோஸ்ட்நேம்' என்பதைத் தேர்வு செய்யுங்கள்.

4. ஃபேமிலி.கிளவுட்ஃபிளேர்-டிஎன்எஸ்.காம் என்பதை ஆங்கில எழுத்துகளில், இடைவெளி விடாமல் டைப் செய்து 'சேவ்' கொடுங்கள். ஓர் எழுத்து தவறினாலும் இணையம் வராது.

கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் இந்த இலவசச் சேவை, வைரஸ் பரப்பும் தளங்களையும் தடுக்கும்.

கவனிக்க வேண்டியவை:

யூடியூப், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ஆகியவற்றின் உள்ளே வரும் காட்சிகளை இது தடுக்காது. சில விபிஎன் ஆப்கள் போட்டால் தடை நீங்கிவிடக்கூடும்; செட்டிங்ஸில் 'ஆஃப்' செய்தால் தடை நீங்கிவிடும். ஹோட்டல், விமான நிலைய வைஃபையில் லாகின் பக்கம் திறக்காவிட்டால் சற்று நேரம் நிறுத்திவிட்டு, மறக்காமல் மீண்டும் இயக்குங்கள்.

ஆகவே இதை மட்டுமே நம்பி இருந்துவிடாதீர்கள். பிள்ளைகளுக்குத் தெரியாமல் செய்யாமல், காரணத்தை எடுத்துச் சொல்லியே அமையுங்கள். அவ்வப்போது செட்டிங்ஸையும் பார்த்துக்கொள்ளுங்கள்.