முதுகுளத்தூரின் இரண்டாவது உறுப்பினர்



செப்டம்பர் மாதம் வந்துவிட்டால் 1957 பற்றிப் பேசாமல் நம்மால் இருக்க முடிவதில்லை. அந்த ஆண்டைப் பேசும்போது இரண்டு பெயர்கள் எழுகின்றன. ஒன்று நாம் நினைவேந்தும் தியாகி இமானுவேல் சேகரன். இன்னொன்று பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர். மூன்றாவதாக ஒரு பெயர் உண்டு. அதை நமது மேடைகளிலும் சொல்வதில்லை, எதிர் மேடைகளிலும் சொல்வதில்லை. ஏ. பெருமாள். 1957 பொதுத்தேர்தலில் முதுகுளத்தூர் சட்டமன்றத் தொகுதியில் தேவரோடு சேர்ந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பட்டியல் சாதி உறுப்பினர். குடிசைகள் எரிந்த நாட்களில் அந்தத் தொகுதியின் பதவியிலிருந்த சட்டமன்ற உறுப்பினர். சட்டமன்ற உறுப்பினர் பட்டியலில் இருவருமே சுயேச்சைகள் என்றே பதிவாகியிருக்கிறார்கள்.

ஒரு தொகுதிக்கு எப்படி இரண்டு உறுப்பினர்கள் என்று இளைய தோழர்கள் கேட்கலாம். இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் இரண்டு பொதுத்தேர்தல்களிலும் பட்டியல் சாதியினருக்கான இடங்கள் பெரும்பாலும் தனித்தொகுதிகளாக இல்லை. பட்டியல் சாதி மக்கள் அதிகமாக வாழும் பகுதிகளை எல்லையில் பெரிதாக்கி, ஒரே தொகுதியிலிருந்து இருவரைத் தேர்ந்தெடுக்க வைத்தார்கள். ஒரு இடம் பொது, ஒரு இடம் ஒதுக்கீடு. 1957இல் சென்னை சட்டமன்றத்தின் 205 இடங்களுக்கு 167 தொகுதிகளே இருந்தன. அவற்றில் 38 இரட்டை உறுப்பினர் தொகுதிகள். நாடாளுமன்றத்திலும் அப்படித்தான், 403 தொகுதிகளில் 91 இரட்டைத் தொகுதிகள்.

வாக்காளருக்கு இரண்டு ஓட்டு. இரண்டையும் ஒரே ஆளுக்குப் போட முடியாது. எண்ணும்போது முதலில் பட்டியல் சாதி வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவர் ஒதுக்கீட்டு இடத்துக்கு வென்றதாக அறிவிக்கப்படுவார். அதன் பிறகு மிச்சமிருக்கும் எல்லோரிலும், அதாவது தோற்ற பட்டியல் சாதி வேட்பாளர்களையும் சேர்த்து, யார் அதிகம் வாங்கியிருக்கிறாரோ அவருக்குப் பொது இடம். இந்தக் கடைசி விதியை மறந்துவிடாதீர்கள், பிறகு வருகிறோம்.

அன்று சீட்டில் முத்திரை குத்தும் முறையும் கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி, பெட்டியின் மேல் அவரது சின்னம். மறைவுக்குள் போய் வேண்டிய பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன்பு சமூகவியல் முதுகலை படித்த நாங்கள் நான்கைந்து பேர் முதுகுளத்தூர், கடலாடி, சாயல்குடிப் பக்கத்துக் குடியிருப்புகளில் முதியவர்களிடம் பேசிப் பதிவுசெய்து திரிந்தோம். கண்மாய்கள் வறண்டு, எங்கே பார்த்தாலும் கருவேலங்காடும் கரிமூட்டப் புகையும். அங்கே ஒரு பாட்டி, தான் போட்ட முதல் ஓட்டைப் பற்றிச் சொன்னார். "ரெண்டு சீட்டு குடுத்தாக. ஒண்ணு பெரியவுக பெட்டிக்கு, ஒண்ணு நம்ம ஆளு பெட்டிக்கு. மாத்திப் போட்டா ஊருக்குள்ள தெரிஞ்சிருமோன்னு கை நடுங்குச்சு." ரகசிய வாக்கெடுப்பு என்று நாங்கள் பாடப்புத்தகத்தில் படித்திருந்தோம். அவருக்கு அது ரகசியமாக இருந்திருக்கவில்லை.

இந்த ஏற்பாட்டில் ஒதுக்கீட்டு வேட்பாளரின் நிலை என்ன? பொது இடத்துக்கு நிற்கும் பெரிய மனிதருக்கு ஒரு ஜோடி வேண்டும். ஒதுக்கீட்டு வேட்பாளருக்கோ அந்தப் பெரிய மனிதரின் ஆட்கள் போடும் இரண்டாவது ஓட்டு வேண்டும். தன் மக்கள் முழுதாக ஒரு பக்கம் நின்றாலும் அந்த இரண்டாவது ஓட்டு இல்லாவிட்டால் அவரால் வெல்வது அரிது. அண்ணல் அம்பேத்கருக்கே இதுதான் நடந்தது. 1952இல் வட பம்பாய் நாடாளுமன்றத் தொகுதியில் அவர் போட்டியிட்டதும் இப்படியொரு இரட்டைத் தொகுதியின் ஒதுக்கீட்டு இடத்துக்குத்தான். காங்கிரஸ் நிறுத்திய கஜ்ரோல்கரிடம் சுமார் 14 ஆயிரம் ஓட்டில் தோற்றார். அரசியல் சட்டத்தை எழுதிய கையைவிடக் காங்கிரஸின் இரண்டாவது ஓட்டுக்கு வலு அதிகமாக இருந்தது. 1954இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் அவருக்குத் தோல்விதான்.

வேர் 1932இல் இருக்கிறது. பூனா ஒப்பந்தம் மாகாண சட்டசபைகளில் 148 இடங்களைத் தந்தது, அதில் சென்னை மாகாணத்துக்கு 30. எண்ணிக்கை கூடியது, தேர்ந்தெடுக்கும் உரிமை கைமாறியது. நம் வாக்காளர்கள் மட்டும் முதலில் ஓட்டுப் போட்டு நால்வரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல் ஒன்று அந்த ஒப்பந்தத்தில் இருந்தது. குடியரசு வந்தபோது அதுவும் போனது. யார் நம் பிரதிநிதி என்பதை எல்லோரும் சேர்ந்து முடிவுசெய்வார்கள் என்பது மட்டும் நிலைத்தது.

இனி 1957க்கு வருவோம்.

தேவர் அந்த ஆண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் நாடாளுமன்றத் தொகுதியிலும் முதுகுளத்தூர் சட்டமன்றத் தொகுதியிலும் வென்றார். நாடாளுமன்ற இடத்தை வைத்துக்கொண்டு சட்டமன்ற இடத்தைத் துறந்தார். பெருமாள் உறுப்பினராகத் தொடர, காலியான பொது இடத்துக்கு மட்டும் ஜூலை 1 அன்று இடைத்தேர்தல். பார்வர்டு பிளாக் சார்பில் சசிவர்ணத் தேவர் நின்றார், எதிரே காங்கிரஸ்.

நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்த இடைத்தேர்தலைத்தான். பொதுத்தேர்தலில் ஒருவர் கையில் இரண்டு சீட்டு இருந்தது. பெரியவருக்கு ஒன்று, நம்மவருக்கு ஒன்று என்று சமாளித்துக்கொள்ள முடிந்தது. இடைத்தேர்தலில் ஒரே சீட்டு. பட்டியல் சாதி வேட்பாளர் என்ற இரண்டாவது பெட்டி இல்லை. யார் பக்கம் என்று சொல்லியே ஆக வேண்டிய நிலை. பெருவாரியான தேவேந்திரர்கள் காங்கிரசுக்கு ஓட்டளித்தார்கள், நாடார்களும் அப்படியே. சசிவர்ணத் தேவர் வென்றார். ஆனாலும் எந்த ஊர் எந்தப் பக்கம் என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. அடுத்த வாரங்களில் தாக்குதல்கள் தொடங்கின. கலவரத்துக்கு நிலம், கூலி, குளம், கோயில் என்று நீண்டகாலக் காரணங்கள் பல உண்டு, அவற்றை நாங்கள் குறைக்கவில்லை. நெருப்பு ஏன் மார்ச்சில் பற்றாமல் ஜூலைக்குப் பிறகு பற்றியது என்பதற்கு ஓட்டுச் சீட்டின் எண்ணிக்கையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறோம்.

செப்டம்பர் 10 அன்று மாவட்ட ஆட்சியர் பணிக்கர் முதுகுளத்தூரில் அமைதிக் கூட்டம் கூட்டினார். செல்லூரில் பிறந்து, 1942இல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை கண்டு, ராணுவத்தில் பணியாற்றித் திரும்பிய 32 வயது இமானுவேல் சேகரன் அங்கே தம் மக்களின் பிரதிநிதியாக அமர்ந்தார். அவரைச் சமமான தலைவராக ஏற்று ஒரே அறிக்கையில் கையெழுத்திடுவதா என்பதில் சர்ச்சை எழுந்தது. கடைசியில் தலைவர்கள் தனித்தனியாகவே கையெழுத்திட்டார்கள். மறுநாள் இரவு பரமக்குடியில் இமானுவேல் வெட்டிக் கொல்லப்பட்டார். செப்டம்பர் 14 அன்று கீழத்தூவலில் மறவர் சமூகத்தைச் சேர்ந்த ஐவரைக் காவல்துறை சுட்டுக்கொன்றது. மாத இறுதியில் தேவர் கைதானார். 1959 ஜனவரியில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. இவை நீங்கள் அறிந்தவை.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. தொகுதிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பட்டியல் சாதி உறுப்பினர் ஒருவர் இருக்கும்போதே, எந்தத் தேர்தலிலும் வென்றிராத ஒரு முன்னாள் ராணுவ வீரர்தான் மக்கள் பிரதிநிதியாக முன்வர வேண்டியிருந்தது. ஓட்டு வாங்கியவர் வேறு, மக்கள் தேடிப்போனவர் வேறு. பெருமாளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த நாங்கள் இதைச் சொல்லவில்லை. அந்த நாற்காலியைச் செய்த தச்சர்கள் அதை அப்படித்தான் செய்திருந்தார்கள். எல்லா ஊர் ஓட்டையும் வாங்கி வென்றவர், ஒரு ஊர் இன்னொரு ஊரை எரிக்கும்போது எந்த ஊரின் சார்பாக எழுந்து பேசுவார்?

இரட்டைத் தொகுதிகள் நீடிக்கவில்லை. ஏன் ஒழிந்தன என்பதில்தான் நாம் முன்பு தள்ளிவைத்த விதி வருகிறது. அதே 1957இல் ஆந்திரத்தின் பார்வதிபுரம் நாடாளுமன்றத் தொகுதியில் ஒதுக்கீட்டு இடத்தைப் பழங்குடி வேட்பாளர் ஒருவர் வென்றார். பொது இடத்தையும் திப்பல சூரி தோரா என்ற இன்னொரு பழங்குடி வேட்பாளரே வென்றார். தோற்றவர் வி.வி. கிரி, பின்னாளில் குடியரசுத் தலைவர் ஆனவர். ஒதுக்கீட்டு வேட்பாளர் பொது இடத்தை எடுத்துக்கொள்வதா என்று வழக்குப் போட்டார். 1959இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. 1961இல் நாடாளுமன்றம் இரட்டை உறுப்பினர் தொகுதிகளையே ஒழித்துச் சட்டம் இயற்றியது. பெரிய தொகுதிகளின் சிரமம், செலவு என்று நிர்வாகக் காரணங்களும் சொல்லப்பட்டன, அவை பொய்யல்ல. இருந்தாலும் அந்த ஏற்பாடு பட்டியல் சாதியினரை ஜோடியாக வைத்திருந்தவரை பெரிய எதிர்ப்பில்லை, பொது நாற்காலியில் ஒரு பழங்குடி மனிதர் உட்கார்ந்த பிறகுதான் அவசரம் வந்தது என்பதை நாம் ஏன் பேசாமல் விட வேண்டும்?

அந்தப் பாட்டி எங்களிடம் கேட்டார், "இப்ப எத்தனை சீட்டு குடுக்காக?" ஒன்றுதான் என்றோம். "அப்ப நம்ம ஆளுக்கு?" என்றார். தனித்தொகுதி என்று விளக்க முயன்றோம். அவர் ஊர் தனித்தொகுதியில் இல்லை.

இன்று ராமநாதபுரம் மாவட்டத்தின் நான்கு தொகுதிகளில் பரமக்குடி மட்டுமே தனித்தொகுதி. ராமேஸ்வரம் தீவைத் தன்னுள் கொண்ட ராமநாதபுரமும் திருவாடானையும் முதுகுளத்தூரும் பொதுத்தொகுதிகள். இமானுவேலின் நினைவிடம் உள்ள பரமக்குடியில்தான் 2011 செப்டம்பர் 11 அன்று அஞ்சலி செலுத்த வந்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து ஆறு பேர் இறந்தார்கள். தொகுதி உறுப்பினர் அன்றைய ஆளுங்கட்சியைச் சேர்ந்தவர். நீதிபதி சம்பத் ஆணையம் காவல்துறையின் செயலை நியாயப்படுத்தி அறிக்கை கொடுத்தது.

ஆறு ஆண்டுகள் கழித்து அதே தொகுதியில் இன்னொன்று நடந்தது. 2016இல் வென்ற எஸ். முத்தையா உள்ளிட்ட 18 அதிமுக உறுப்பினர்கள் டி.டி.வி. தினகரன் பக்கம் நின்றதற்காக 2017 செப்டம்பர் 18 அன்று தகுதிநீக்கம் செய்யப்பட்டார்கள். 2018 அக்டோபரில் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. இடைத்தேர்தல் 2019 ஏப்ரலில்தான் நடந்தது. ஒன்றரை ஆண்டுக்கும் மேல் பரமக்குடிக்கு உறுப்பினரே இல்லை. அந்த 18 தொகுதிகளின் பட்டியலை எடுத்து எண்ணிப் பாருங்கள். பரமக்குடி, மானாமதுரை, ஒட்டப்பிடாரம், பெரியகுளம், நிலக்கோட்டை, அரூர், குடியாத்தம், பூந்தமல்லி. எட்டு தனித்தொகுதிகள். சட்டமன்றத்தின் 234 இடங்களில் பட்டியல் சாதித் தனித்தொகுதிகள் 44, ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. நீக்கப்பட்டவர்களிலோ கிட்டத்தட்ட பாதி. தீர்ப்பளித்த பேரவைத் தலைவர் தனபாலும் அவினாசி தனித்தொகுதியில் வென்றவர்தான். சொந்தமாக மாவட்டமோ பணமோ சாதி வாக்கு வங்கியோ இல்லாத உறுப்பினர், சீட்டு வாங்கித் தந்த தலைவரின் பின்னால் போவார். தலைவர்கள் மோதும்போது முதலில் விழுவதும் அவர்தான்.

நமது அமைப்பில் இரண்டு கருத்துகள் உள்ளன. தனி வாக்காளர் தொகுதியை மீண்டும் கேட்க வேண்டும் என்கிறார்கள் சிலர். இருக்கும் தனித்தொகுதிகளில் சுயேச்சையான இயக்க வேட்பாளர்களை நிறுத்தி வளர்க்க வேண்டும் என்கிறார்கள் சிலர். நாங்கள் முதல் கருத்துக்கு நெருக்கமானவர்கள், மறைக்கவில்லை. இரண்டு தரப்புமே இன்னும் செய்யாத வேலை ஒன்று இருக்கிறது. 1957 முதல் 1962 வரையிலான சென்னை சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகள் அச்சில் உள்ளன. முதுகுளத்தூரின் இரண்டாவது உறுப்பினர் எந்த நாளில் எழுந்தார், என்ன கேள்வி கேட்டார், எந்தத் தீர்மானத்தில் எந்தப் பக்கம் ஓட்டளித்தார் என்று தொகுதி தொகுதியாகப் புரட்டிக் குறிக்க வேண்டும். அவரோடு அன்று அவையிலிருந்த மற்ற 37 ஒதுக்கீட்டு உறுப்பினர்களுக்கும் அப்படியே. இரண்டு சீட்டு போட்ட கைகளில் இன்னும் உயிரோடிருப்பவை மிகச் சில, அவர்கள் தொண்ணூறை நெருங்குகிறார்கள் அல்லது தாண்டிவிட்டார்கள். வரும் விடுமுறையில் கடலாடிப் பக்கம் வர முடிந்த மாணவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசலில் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.