வாசலில் நிறுத்தப்படும் வேட்பாளர்: அமெரிக்க முன்தேர்தலில் கேரி ஜான்சனுக்கு இருந்த வழிகள்

அமெரிக்காவில் ஒரு கட்சியின் அதிபர் வேட்பாளராக வர விரும்புபவர் கட்சித் தலைமையிடம் மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதில்லை. மாநிலந்தோறும் நடக்கும் முன்தேர்தல்களிலும், காக்கஸ் எனப்படும் வட்டாரக் கூட்டங்களிலும் ஆதரவு திரட்டி, கட்சியின் தேசிய மாநாட்டுக்குச் செல்லும் பேராளர்களில் பெரும்பான்மையைப் பெற வேண்டும். ஏட்டளவில் இது எவருக்கும் திறந்திருக்கும் வாசல். நடைமுறையிலோ அந்த வாசலின் முன்னே கருத்துக்கணிப்பு, தொலைக்காட்சி விவாதம், நன்கொடை, மாநிலத் தேர்தல் சட்டம் எனப் பல காவலர்கள் நிற்கின்றனர். பெயர் அறியப்படாத ஒருவர், அதுவும் கட்சியின் பொதுப்போக்கோடு முழுமையாக ஒத்துப்போகாத ஒருவர், எந்தக் காவலரை எந்த நேரத்தில் எதிர்கொள்வது என்பதே அவருடைய உத்தியாகிறது. 2012ஆம் ஆண்டுத் தேர்தலுக்காகக் குடியரசுக் கட்சியில் களமிறங்கிய கேரி ஜான்சனின் முயற்சி இதை விளங்கிக்கொள்ள ஏற்ற எடுத்துக்காட்டு.

ஜான்சன் 1995 முதல் 2003 வரை இருமுறை நியூ மெக்சிகோ மாநில ஆளுநராக இருந்தவர். கட்டுமானத் தொழிலதிபர். ஜனநாயகக் கட்சியினர் வலுவாக உள்ள மாநிலத்தில் குடியரசுக் கட்சிக்காரராக வென்று, பதவியேற்ற முதல் ஆறு மாதங்களில் தம் முன் வந்த 424 மசோதாக்களில் 200ஐ வீட்டோ அதிகாரத்தால் திருப்பி அனுப்பினார். 1999இல், ஆளுநராக இருக்கும்போதே, கஞ்சாவைச் சட்டபூர்வமாக்க வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார். அன்றைய அமெரிக்காவில் அவ்வளவு உயர்ந்த பதவியில் இருந்த எவரும் அப்படிப் பேசியதில்லை. சிக்கனமான அரசு, குறைந்த வரி, தனிமனித வாழ்வில் தலையிடாத சட்டம் என்னும் இந்தக் கொள்கையை 'லிபர்டேரியனிசம்' என்பர். தமிழில் சுதந்திரவாதம் எனலாம். வரியையும் மானியத்தையும் எதிர்ப்பதால் வலதுசாரிகளுக்கு அருகிலும், போரையும் போதைப்பொருள் தண்டனைகளையும் எதிர்ப்பதால் இடதுசாரிகளுக்கு அருகிலும் நிற்பவர்கள் இவர்கள். இரு பெரும் கட்சிகளிலும் இவர்களுக்குத் திண்ணை உண்டு, உள்ளறை இல்லை.

கருத்துக்கணிப்பு என்னும் சுழல்

2011 ஏப்ரல் 21 அன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத் தலைநகரான கன்கார்டில் ஜான்சன் தம் போட்டியை அறிவித்தார். மே 5 அன்று தென் கரோலினாவின் கிரீன்வில் நகரில் நடந்த முதல் விவாதத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. பெரிய வேட்பாளர்கள் பலர் வராத மேடை அது. ஜூன் 13 அன்று நியூ ஹாம்ப்ஷயரில் சிஎன்என் நடத்திய விவாதத்துக்கு அவர் அழைக்கப்படவில்லை. கருத்துக்கணிப்புகளில் சராசரியாக 2 விழுக்காடு பெற்றிருக்க வேண்டும் என்பது அழைப்புக்கான அளவுகோல்களுள் ஒன்று. ஆனால் பல கணிப்புகளில் அவர் பெயரே கேட்கப்படவில்லை. பெயர் கேட்கப்படாதவருக்கு விழுக்காடு வராது. விழுக்காடு வராதவருக்கு மேடை கிடையாது. மேடை கிடைக்காதவரின் பெயரை அடுத்த கணிப்பிலும் எவரும் சேர்ப்பதில்லை. லூசியானாவின் முன்னாள் ஆளுநர் பட்டி ரோமர் அதே ஆண்டில் இதே சுழலில் சிக்கி ஒரு தேசிய விவாதத்திலும் ஏறாமலே போனார்.

செப்டம்பர் 22 அன்று ஆர்லாண்டோ விவாதத்தில் ஜான்சனுக்கு மீண்டும் இடம் கிடைத்தது. அரசின் வேலைவாய்ப்புத் திட்டங்களைப் பற்றி, பக்கத்து வீட்டு நாய்களை வைத்து அவர் சொன்ன நகைச்சுவை மறுநாள் நாடெங்கும் பேசப்பட்டது. அதற்குமேல் எதுவும் நடக்கவில்லை. குடியரசுக் கட்சி விவாதம் எதற்கும் அதன்பின் அவர் அழைக்கப்படவில்லை. மேடை கிடைத்த ஓர் இரவை நன்கொடையாகவும் தொண்டர் பட்டியலாகவும் மாற்றும் அமைப்பு கீழே இல்லையெனில், சிரிப்பு சிரிப்பாகவே கரைந்துவிடும்.

சிறிய மாநிலத்தைப் பற்றிக்கொள்வது

அறியப்படாதவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் முதல் அறிவுரை, பணத்தையும் நேரத்தையும் ஒரே மாநிலத்தில் குவிக்க வேண்டும் என்பது. நியூ ஹாம்ப்ஷயர் அதற்கு உகந்தது. நாட்டின் முதல் முன்தேர்தல் அங்கேதான் நடக்கும். கட்சி சாராதவர்களாகப் பதிவு செய்தோர் வாக்காளர்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கினர். அவர்கள் விரும்பிய கட்சியின் முன்தேர்தலில் வாக்களிக்கலாம். 1968இல் வியட்நாம் போரை எதிர்த்து நின்ற யூஜீன் மெக்கார்த்தி, பதவியிலிருந்த அதிபர் லிண்டன் ஜான்சனுக்கு எதிராக அங்கே 42 விழுக்காடு பெற்றார். தோற்றபோதிலும் அந்த எண்ணிக்கை அதிபரின் மறுபோட்டியையே அசைத்தது. சுதந்திரவாதிகள் பலர் குடிபெயர்வதற்கெனத் தேர்ந்தெடுத்த மாநிலமும் அதுவே.

ஜான்சனும் அங்கேயே தொடங்கினார். ஆனால் அந்தக் குளத்தில் ஏற்கெனவே ஒருவர் வலை வீசியிருந்தார். டெக்சாஸ் நாடாளுமன்ற உறுப்பினர் ரான் பால் 1988இல் லிபர்டேரியன் கட்சியின் அதிபர் வேட்பாளராக நின்றவர். 2007 டிசம்பர் 16 அன்று ஒரே நாளில் இணையவழியாக ஏறத்தாழ 60 லட்சம் டாலர் திரட்டியவர். 2008இல் ஜான்சனே அவரை ஆதரித்திருந்தார். ஒரே கொள்கைக்கு இரு வேட்பாளர்கள் இருக்கும்போது, தொண்டர்கள் முதலில் வந்தவரை விட்டு அகலமாட்டார்கள். 2012 ஜனவரி 10 அன்று அங்கே ரான் பால் ஏறத்தாழ 23 விழுக்காட்டுடன் இரண்டாமிடம் பெற்றார். அந்த ஒரு மாநிலத்தையே நம்பியிருந்த ஜான் ஹன்ட்ஸ்மன் மூன்றாமிடம் பெற்று, ஒரு வாரத்துக்குள் விலகினார். ஜான்சன் அதற்கு முன்பே கட்சியை விட்டுப் போயிருந்தார்.

ரான் பால் போட்டியிடுவது உறுதியான நாளிலேயே ஜான்சனுக்குக் குடியரசுக் கட்சி முன்தேர்தலில் இடமில்லாமல் போய்விட்டது என்பதே என் மதிப்பீடு. எட்டு மாத உழைப்பை அவர் இன்னொருவரின் வயலில் செலவிட்டார்.

பேராளர்களைப் பிடிப்பது

ரான் பால் அணியினர் கண்ட வழி வேறு. பல காக்கஸ் மாநிலங்களில் அன்று மாலை எண்ணப்பட்ட வாக்கு ஒரு விருப்பக் கணக்கு மட்டுமே; பேராளர்களை அது கட்டுப்படுத்தவில்லை. வாக்குப்பதிவு முடிந்து பெரும்பாலோர் வீடு திரும்பியபின், அதே அறையில் அமர்ந்திருப்பவர்கள் வட்டார மாநாட்டுக்கான பேராளர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். அங்கிருந்து மாவட்டம், மாநிலம், இறுதியில் தேசிய மாநாடு. பால் ஆதரவாளர்கள் விதிப் புத்தகத்தைப் படித்துவிட்டு, எழுந்து போகாமல் அமர்ந்திருந்தார்கள்.

அயோவாவில் ஜனவரி 3 அன்று அவருக்குக் கிடைத்தது மூன்றாமிடம், 21 விழுக்காடு. ஆகஸ்டில் தாம்பா நகரில் கூடிய தேசிய மாநாட்டில் அயோவாவின் 28 பேராளர்களில் 22 பேர் அவருக்கே வாக்களித்தனர். மினசோட்டாவிலும் மெய்ன் மாநிலத்திலும் இதுபோன்றே நடந்தது. எந்த மாநிலத்திலும் மக்கள் வாக்கில் முதலிடம் பெறாத ஒருவர் மாநாட்டில் 190 பேராளர் வாக்குகளைப் பெற்றார்.

கட்சி இதைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மெய்ன் பேராளர்களில் ஒரு பகுதியினரை நீக்கி வேறு ஆட்களை அமர்த்தியது. ஒருவர் பெயர் மாநாட்டில் முன்மொழியப்பட ஐந்து மாநிலங்களில் முன்னணி ஆதரவு போதும் என்றிருந்த விதியை, எட்டு மாநிலங்களில் பெரும்பான்மை வேண்டும் என்று மாற்றியது. ஒவ்வொரு மாநிலத்தின் வாக்கும் அறிவிக்கப்பட்டபோது, மேடையிலிருந்தவர் வெற்றியாளரான மிட் ராம்னியின் எண்ணிக்கையை மட்டுமே திரும்பச் சொன்னார். பாலின் எண்ணிக்கை அரங்கில் ஒலித்தது, மேடையில் ஒலிக்கவில்லை. விதியைப் பயன்படுத்தி நுழைந்தவர்களை, விதியை எழுதும் உரிமை உடையவர்கள் விதியாலேயே வெளியேற்றினார்கள். இத்தனைக்கும், உள்ளூர்க் கட்சிக் குழுக்களில் இளைஞர்கள் பலர் பொறுப்புக்கு வந்தது இந்த வழியால்தான். ஆள்பலமும் பொறுமையும் உள்ள இயக்கத்துக்கே இது ஏற்றது. தனியொருவராகப் பயணம் செய்துகொண்டிருந்த ஜான்சனிடம் அந்தப் படை இல்லை.

வெளியேறுவது

2011 டிசம்பர் 28 அன்று ஜான்சன் குடியரசுக் கட்சியிலிருந்து விலகி, லிபர்டேரியன் கட்சியின் வேட்பாளராக முயல்வதாக அறிவித்தார். 2012 மே மாதம் லாஸ் வேகஸில் அக்கட்சி அவரைத் தேர்ந்தெடுத்தது.

இந்த வழிக்கு முன்னுதாரணம் ஜான் ஆண்டர்சன். 1980இல் குடியரசுக் கட்சி முன்தேர்தல்களில் தோற்று, சுயேச்சையாக நின்று 6.6 விழுக்காடு பெற்றவர். ஓஹையோ மாநிலம் சுயேச்சைகளுக்கு மட்டும் மிக முன்கூட்டிய கடைசி நாள் விதித்ததை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கில், 1983இல் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது. எனினும் பல மாநிலங்களில், ஒரு கட்சியின் முன்தேர்தலில் பெயர் இருந்தவர் அதே ஆண்டில் வேறு கட்சியின் சார்பில் நிற்கத் தடை உண்டு. 'தோற்ற வயிற்றெரிச்சல்காரர் சட்டம்' என்று அதைக் கேலியாகவே அழைக்கிறார்கள்.

மிச்சிகனில் ஜான்சன் சிக்கியது இதில்தான். குடியரசுக் கட்சி முன்தேர்தலிலிருந்து பெயரை நீக்கக் கடைசி நேரம் டிசம்பர் 9, மாலை 4 மணி. அவருடைய விலகல் கடிதம் மூன்று நிமிடம் தாமதமாகச் சேர்ந்தது. நீதிமன்றங்களும் உதவவில்லை. நவம்பர் தேர்தலில் மிச்சிகன் வாக்குச்சீட்டில் அவர் பெயர் இல்லை. மூன்றாம் கட்சிகளுக்குக் கடும் நிபந்தனைகள் விதித்திருந்த ஓக்லஹோமாவிலும் இல்லை. எஞ்சிய 48 மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் நின்று, ஏறத்தாழ 12 லட்சத்து 76 ஆயிரம் வாக்குகள், அதாவது 1 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாகப் பெற்றார். 5 விழுக்காட்டைத் தொட்டிருந்தால் அடுத்த தேர்தலில் கட்சிக்கு அரசு நிதி கிடைத்திருக்கும். அரசு நிதியே கூடாது என்னும் கொள்கையுடையோர் அதற்காக உழைப்பதில் ஒரு முரண் இருக்கத்தான் செய்கிறது. அக்கட்சியின் முந்தைய வேட்பாளர் ஹாரி பிரவுன் தமக்குரிய அரசு நிதியை மறுத்தவர். ஜான்சன் 2012இல் அதை ஏற்றார்.

எதைப் பேசுவது, யாரிடம் பேசுவது

நான்காவது வழி, வெற்றியை ஒதுக்கிவைத்து ஒரு பிரச்சினையை மட்டும் நாட்டின் முன் வைப்பது. சுதந்திரவாதிகளிடம் அதற்கான பொருள் இருந்தது. 1986ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம், கறுப்பினப் பகுதிகளில் அதிகம் புழங்கிய கிராக் கொக்கெயினுக்கும் தூள் கொக்கெயினுக்கும் இடையே தண்டனையில் நூறுக்கு ஒன்று என்னும் வேறுபாட்டை வைத்தது. 2010இல்தான் அது பதினெட்டுக்கு ஒன்றாகக் குறைந்தது. சிறைகள் கறுப்பின இளைஞர்களால் நிரம்பிய காலத்தில், குடியரசுக் கட்சி மேடையில் நின்று இதை எதிர்த்துப் பேசக்கூடியவர்கள் இவர்களே.

ஆனால் கறுப்பின வாக்காளர்கள் இவர்களிடம் வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு. உணவகம், விடுதி, திரையரங்கு ஆகியவற்றில் இனப் பாகுபாட்டைத் தடை செய்த 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டத்தைத் தனியார் சொத்துரிமையின் பெயரால் எதிர்ப்பது சுதந்திரவாதிகளிடையே நெடுநாள் வழக்கம். பேரி கோல்ட்வாட்டர் அதற்கு எதிராக வாக்களித்துவிட்டு அதே ஆண்டு அதிபர் தேர்தலில் நின்றார்; தம் சொந்த மாநிலத்துக்கு வெளியே அவர் வென்ற ஐந்தும் வெள்ளையர் ஆதிக்கம் கோலோச்சிய தென் மாநிலங்கள். அந்தச் சட்டத்தின் நாற்பதாம் ஆண்டு நிறைவையொட்டி 2004இல் ரான் பால் அதைக் குறைகூறிப் பேசினார். முன்பு அவர் பெயரில் வெளிவந்த செய்தி மடல்களின் இனவெறிப் பகுதிகள், அவற்றைத் தாம் எழுதவில்லை என்று அவர் மறுத்தபின்னும், அவரைத் தொடர்ந்தன. கடைகளிலும் உணவகங்களிலும் நுழையும் உரிமையைத் தனியாருக்கு எதிராகவும் உறுதி செய்யும் அரசமைப்பின் 15(2) பிரிவை அறிந்த வாசகருக்கு, இந்த அவநம்பிக்கையை விளக்க வேண்டியதில்லை. சிறைக்கதவைத் திறக்க அரசு விலக வேண்டும். உணவகக் கதவைத் திறக்க அரசு வர வேண்டும். முதலாவதை மட்டும் சொல்பவரின் சுதந்திரம் பாதிதான்.

இதை ஜான்சன் ஓரளவு உணர்ந்திருந்தார். 2016 மே மாதம் ஆர்லாண்டோவில் நடந்த லிபர்டேரியன் கட்சி விவாதத்தில், 1964ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆதரித்திருப்பேன் என்றார். சொந்தக் கட்சியினர் கூச்சலிட்டனர். ஆயினும் இரண்டாம் சுற்றில் அவரே வேட்பாளரானார். அந்தமுறை 50 மாநில வாக்குச்சீட்டுகளிலும் அவர் பெயர் இருந்தது. பொதுத்தேர்தல் விவாத மேடைக்குத் தேவைப்பட்ட 15 விழுக்காட்டை எட்ட முடியவில்லை. சிரியாவின் அலெப்போ நகரைப் பற்றிய கேள்விக்கு, அது என்ன என்று திருப்பிக் கேட்டது பெரும் சேதம் விளைவித்தது. எனினும் ஏறத்தாழ 45 லட்சம் வாக்குகள், 3.3 விழுக்காடு. லிபர்டேரியன் கட்சி வரலாற்றில் அதுவரை எவரும் பெறாத எண்ணிக்கை.

1999இல் அவர் தனித்து எழுப்பிய கோரிக்கை, 2012 நவம்பரில் கொலராடோவிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் மக்கள் வாக்கெடுப்பில் வென்றது. அவருடைய நியூ மெக்சிகோவில் அது சட்டமானது 2021 ஏப்ரலில். கையெழுத்திட்டவர் ஜனநாயகக் கட்சி ஆளுநர் மிஷெல் லுஹான் கிரிஷம்.